501-வது யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு

தக்காளி விலை ஏறினால் ஊரே பேசுகிறது. விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போய் கிலோவுக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கிற அதே குடும்பம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற கரண்ட் பில்லை மட்டும் வாய் பேசாமல் கட்டிவிட்டு வருகிறது. மாசம் முப்பது, நாற்பதாயிரத்தில் ஓடும் வீடுகளில் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது என்பேன்.

2024 ஜூலையில் வந்த தமிழ்நாட்டு மின் கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். 2025-இல் ஏறியதை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது. இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால் பில் 1,805 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 2,048 ரூபாய் 40 காசு.

அந்த ஒரு யூனிட்டின் விலை 8.40தான். மீதி 235 எங்கிருந்து வந்தது? 500-ஐத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரைக்குமான 2.35 என்ற சலுகை விலை ரத்தாகி, அதுவும் 4.70 ஆகிவிடுகிறது. எப்போதோ எரித்து முடித்த யூனிட்டுக்குப் பின்தேதியிட்டு விலை ஏற்றுகிற ஏற்பாடு இது. வசதியானவர் 1,200 யூனிட் எரிக்கிறார், அவருக்கு இந்த 235 கண்ணிலேயே படாது. 300 யூனிட் வீட்டுக்கு இந்த 500 என்ற கோட்டோடு சம்பந்தமே இல்லை. 480-க்கும் 560-க்கும் நடுவில் ஆடுகிற வீடுதான் மாட்டுகிறது. மதுரையில் சித்திரை, வைகாசியில் ஒரு ஏசி வைத்திருக்கும் வீடு பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் நாலு நாள் தங்கினால் போதும், 500 தாண்டிவிடும். (அதற்காக வராதீர்கள் என்று சொல்ல முடியுமா!)

தாண்டாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. போன ரீடிங் எண்ணைக் குறித்து வையுங்கள். 45-ஆவது நாள் மீட்டரைப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று மாறி மாறி ஓடும், கே.டபிள்யூ.ஹெச். (kWh, யூனிட் என்பது இதுதான்) என்று வரும்போது தெரிகிற எண்ணை மட்டும் எடுங்கள். பலர் வேறு எண்ணை எழுதிவிட்டு மீட்டர் தப்பாக ஓடுகிறது என்று சண்டைக்குப் போகிறார்கள். போன ரீடிங்குக்கும் இந்த எண்ணுக்கும் வித்தியாசம் 375-க்குள் இருந்தால் நிம்மதி. 420 என்றால் மீதி 15 நாளுக்கு 80 யூனிட்தான் கையிருப்பு, நாளைக்கு ஐந்தரைக்கும் குறைவு. ஒன்றரை டன் பழைய ஏசி, கம்ப்ரஸர் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரை யூனிட் இழுக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையில் 18-இல் வைத்தால் கம்ப்ரஸர் நிற்கவே நிற்காது. 26-இல் வைத்து ஃபேனைப் போடுங்கள்.

ஆனால் எல்லோரும் ஏசியையே திட்டுகிறார்கள், ஃபேனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட். நாலு ஃபேன், நாளைக்கு 15 மணி நேரம், 60 நாள் என்றால் 270 யூனிட்! அதுவே 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார் ஃபேன்) என்றால் 108. மிச்சம் 162. 600 யூனிட் வந்த பில் 438-க்கு இறங்கும், அதாவது 2,880 ரூபாய் 1,414 ஆகும். நாலையும் ஒரே நேரத்தில் மாற்றக் கையில் காசு இராது. இரவு முழுக்க ஓடுகிற படுக்கையறை ஃபேனை முதலில் மாற்றுங்கள். பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேராக சுவிட்சில் கொடுக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் அதை அப்படியே விட்டுவிட்டுப் போனால் ஃபேனுக்குள் இருக்கிற போர்டு கெட்டுப்போகலாம், அதற்கு வாரண்டியும் கிடைப்பது கஷ்டம்.

வாடகைக்கு இருப்பவர்கள் பாடு தனி. ஒரே மின் இணைப்பில் சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிற வீட்டுக்காரர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். 300 யூனிட்டுக்கு அங்கே 2,400. தனி மீட்டர் இருந்தால் அதே 300-க்கு 705. இரண்டு மாசத்துக்கு 1,695 ரூபாய் வித்தியாசம். ஆகவே மாச வாடகை 800 ரூபாய் கூட இருந்தாலும் தனி மீட்டர் வீடுதான் லாபம். வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் வசதியைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

இந்தக் கோடு போடுகிற வேலை மின்சாரத்தோடு நிற்பதில்லை. முதல்வர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000. மாசம் பதினைந்தாயிரம் வாங்குகிறவர்கூட அதற்கு வெளியேதான். மகளிர் உரிமைத் தொகைக்கு 2023-இல் வைத்த விதியில் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். எல்லாக் கோட்டுக்கும் ஒரு அடி மேலே நிற்பவருக்குத்தான் நாம் நடுத்தரம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மாசாமாசம் ரீடிங் எடுத்தால் பில் குறையும் என்று நெடுநாளாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏப்ரலில் 200, மே மாசம் 320 என்று வையுங்கள். இப்போதைய முறையில் 520 யூனிட்டுக்கு 2,208 ரூபாய். ஸ்லாபையும் (விலை மாறுகிற யூனிட் வரம்புகளையும்) பாதியாக்கி மாசாமாசம் போட்டால் 587.50, அப்புறம் 1,629, ஆக 2,216.50. எட்டரை ரூபாய் கூடத்தான் வருகிறது. கோரிக்கை வைப்பதானால் அந்த 235 ரூபாயைப் பற்றி வைக்கலாம்: 500-க்கு மேல் எவ்வளவு ஓடினாலும் 101 முதல் 200 வரை 2.35 அப்படியே இருக்கட்டும், கூடுதலாக ஓடியதற்கு மட்டும் கூடுதல் விலை போடுங்கள்.