சர்க்கரைச் சிற்பங்கள் கரேமுக்கு முன்பே இருந்தன

விருந்து மேசை நடுவே சர்க்கரைச் சிற்பம் வைக்கும் கலையைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு சமையல் கலைஞர் அந்தோனின் கரேம் என்று உங்களில் சிலர் பகிர்ந்திருக்கிறீர்கள். அது சரியில்லைங்க. கரேம் பெரிய கலைஞர்தான், கோயில், கோபுரம், இடிந்த மண்டபம் என்று கட்டட வடிவங்களைச் சர்க்கரையில் எழுப்பி அந்தக் கலைக்குப் புதுப் புகழ் வாங்கித் தந்தார். ஆனால் அவர் பிறந்தது 1784 வாக்கில். 1574-லேயே பிரான்ஸ் மன்னர் மூன்றாம் ஹென்றி வெனிஸ் வந்தபோது கொடுத்த விருந்தில் கைத்துண்டு, தட்டு, கத்தி எல்லாம் சர்க்கரையில் செய்து வைத்திருந்தார்கள். நைசாகப் பொடித்த சர்க்கரையில் ஊறவைத்த பிசினைச் சேர்த்துப் பிசைந்தால் களிமண் மாதிரி அச்சில் அழுத்தலாம், காய்ந்ததும் இறுகிவிடும்.

நீங்களே சரிபார்க்க எளிய வழி உண்டு. இங்கிலாந்து மன்னரின் தூதர் காசில்மெய்ன் (Castlemaine) பிரபு 1687-இல் ரோமில் கொடுத்த விருந்தை அப்போதே செதுக்கு ஓவியங்களாக அச்சிட்டார்கள். அவர் பெயரையும் வருடத்தையும் போட்டு இணையத்தில் தேடுங்கள். நீண்ட மேசையின் நடுவில் வரிசையாகச் சர்க்கரை உருவங்கள் நிற்கும் படம் கிடைக்கும். அப்புறம் ஏதாவது ஒரு கலைக்களஞ்சியத்தில் கரேமின் பிறந்த வருடத்தைப் பாருங்கள். அந்தப் படம் அவருக்கு ஏறக்குறைய நூறு வருடம் மூத்தது.