வாய்ப்பைக் கணக்கிட முகவரி எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை நடந்த உயர்கல்வி வழிகாட்டல் நிகழ்ச்சியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பொறியியல் இடம் கிடைக்குமா என்று கேட்ட ஒரு மாணவியை, அவள் இருக்கும் பகுதியையும் அப்பாவின் தொழிலையும் மட்டும் கேட்டுவிட்டு, அதெல்லாம் எதற்கு என்று மேடையில் இருந்தவர் உட்கார வைத்த நிகழ்ச்சி அது. அந்தக் காணொளித் துண்டை நம் பகுதியில் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் பிள்ளையின் மனம் ஆறட்டும் என்று பொறுத்திருந்தேன். ஆனால் நேற்றிரவு அதே காணொளியை, 'உண்மையை உடைத்துப் பேசிய நல்ல மனிதர்' என்ற பாராட்டோடு எனக்கே அனுப்பி வைத்திருக்கிறார்கள், அதுவும் வடசென்னையில் நம் தண்டையார்பேட்டைக் குழு ஒன்றிலிருந்து. இதற்குப் பிறகும் பேசாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாணவியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பின்னூட்டத்திலும் யாரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பிள்ளை எழுந்து நின்று, தன் கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்கு 189 என்றும், அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்றும் கேட்டாள். தெளிவான கேள்வி. அதற்கு மேடையில் இருந்தவர் திருப்பிக் கேட்டவை இரண்டே கேள்விகள். "எந்த ஏரியாம்மா?" "வியாசர்பாடி சார்." "அப்பா என்ன பண்றாரு?" "லோடு ஆட்டோ ஓட்டுறாரு சார்." அவ்வளவுதான், விடை தயாராகிவிட்டது. "அண்ணா யுனிவர்சிட்டியெல்லாம் இப்ப எதுக்கும்மா? பக்கத்துல ஒரு ஆர்ட்ஸ் காலேஜா பாரு, ப்ராக்டிகலா இருக்கணும்." அரங்கில் சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் கைதட்டவும் செய்தார்கள்.

அவர் கேட்க வேண்டியிருந்த கேள்விகள் வேறு. எந்தப் பள்ளியில் படித்தாய், எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவில் வருகிறாய், எந்தப் பாடப்பிரிவை விரும்புகிறாய் என்ற மூன்றையும் கேட்காமல் ஒரு மாணவருக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்று சொல்ல இந்த மாநிலத்தில் யாராலும் முடியாது. துணைவேந்தராலும் முடியாது. பொறியியல் இடங்களை ஒதுக்கும் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடுகிறார்கள். மாநிலத்தின் நுழைவுத் தேர்வு 2007-லேயே போய்விட்டது. நேர்முகத் தேர்வு கிடையாது, ஆங்கிலத்தில் பேசிக் காட்டச் சொல்வது கிடையாது. இருவர் ஒரே கட்-ஆஃப் வைத்திருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியலை. எல்லாமே சமமாகிப் போனால் பிறந்த தேதி, அதுவும் சமமென்றால் ரேண்டம் எண். அப்பாவின் தொழிலுக்கும் வீடு இருக்கும் தெருவுக்கும் அந்த வரிசையில் இடமே இல்லை. கலந்தாய்வு கேட்காத கேள்வியை வழிகாட்ட வந்தவர் ஏன் கேட்டார்?

அவள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள். அப்படிப் படித்தவர்களுக்கு 2020-இல் மருத்துவத்திலும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளிலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. அவர்களுக்குத் தனித் தரவரிசை உண்டு. பொறியியலில் அந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பள்ளியின் பெயரைக் கேட்டிருந்தால் பேச்சின் போக்கே மாறியிருக்கும். 189 என்பது அந்தப் பட்டியலில் ஒதுக்கித் தள்ளக்கூடிய மதிப்பெண் அன்று. இதை அறியாதவர் வழிகாட்ட வரக் கூடாது; அறிந்தும் கேட்கவில்லை என்றால் அது அதைவிட மோசம்.

அன்று மாலையே அவளோடு உட்கார்ந்து முந்தைய ஆண்டுகளின் பட்டியல்களைப் பார்த்தோம். கல்லூரி வாரியாக, பாடப்பிரிவு வாரியாக, சமூகப் பிரிவு வாரியாக எந்த மதிப்பெண்ணில் இடங்கள் முடிந்தன என்பது எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் கிடைக்கிறது. அதிலும் மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். கணிதத் தாள் கடினமாக வந்த ஆண்டில் கட்-ஆஃப் இறங்கும், எளிதாக வந்தால் ஏறும். ஆகவே தரவரிசை எண் வந்த பிறகு அதைச் சென்ற ஆண்டின் தரவரிசை எண்ணோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகள் பலர் தங்கள் சமூகப் பிரிவின் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். இடஒதுக்கீட்டின் 69 விழுக்காடு போக மீதமுள்ள 31 விழுக்காடு பொதுப்போட்டி இடங்கள் எல்லோருக்குமானவை. மதிப்பெண் இருந்தால் எந்தப் பிரிவினரும் அதில் இடம் பெறலாம். அந்தக் கட்டத்தையும் பாருங்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன். பிறகு பாடப்பிரிவு. கணினி அறிவியலுக்கும் மின்னணுவியலுக்கும் இருக்கும் நெருக்கடி கட்டடவியலுக்கு இல்லை. புவித்தகவலியல், அச்சு மற்றும் பொதியல் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகள் அதே கிண்டி வளாகத்தில் இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. பக்கத்து ஏ.சி. டெக்கில் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில்) தோல் தொழில்நுட்பம் இருக்கிறது. இத்தனையும் பார்த்தபின் அவளிடம் நான் சொன்னது இது: கணினி அறிவியல் இழுபறி, அவள் சொன்ன மற்ற இரண்டு விருப்பங்களுக்கு நல்ல வாய்ப்பு. இதைச் சொல்ல ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மேடையில் அந்தப் பொறுமை இல்லாமல் போயிற்று.

இன்னொன்றையும் எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். உங்கள் தரவரிசை எண் வரும்போது, மேலிருந்து கீழாகப் பார்த்து, அப்போது காலியாக இருக்கும் முதல் விருப்பத்தைத் தருகிறார்கள். எட்டாத ஒன்றை முதலில் எழுதியதால் எட்டும் ஒன்று கைநழுவிப் போகாது. பட்டியலின் உச்சியில் கிண்டியை எழுத ஒரு ரூபாய்கூட அதிகம் ஆகாது. முயற்சிக்கு இழப்பே இல்லாத ஓர் இடத்தில், முயலாதே என்று ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கு மேடை போட்டுச் சொல்ல வேண்டிய தேவை என்ன?

இதற்கு வரும் மறுப்பு எனக்குத் தெரியும்: பொய் நம்பிக்கை கொடுப்பது பாவம் இல்லையா? பாவம்தான். நானும் கொடுப்பதில்லை. 150 எடுத்துவிட்டுக் கிண்டியில் கணினி அறிவியல் வேண்டும் என்று வந்த தம்பியிடம் கிடைக்காது என்று நேராகவே சொல்லியிருக்கிறேன்; அவனுக்கு எது கிடைக்கும் என்பதையும் உடன் இருந்து தேடிக் கொடுத்தேன். 60 இடங்கள் உள்ள ஒரு பிரிவில் 7.5 விழுக்காடு என்றால் நான்கைந்து இடங்கள்தான், அதுவும் சமூகவாரியாகப் பிரியும் என்பதையும் மறைப்பதில்லை. ஐ.ஐ.டி. பற்றிக் கேட்டால் வேறு மாதிரிதான் பேசுவேன். அங்கே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வரிசையைத் தீர்மானிப்பதில்லை. ஜே.இ.இ. முதன்மைத் தேர்வில் முதல் இரண்டரை லட்சம் பேருக்குள் வந்தால்தான் அட்வான்ஸ்டு தேர்வையே எழுத முடியும். அதற்குப் பதினொன்றாம் வகுப்பிலேயே ஆயத்தம் தொடங்க வேண்டும், மே மாதத்தில் வந்து கேட்டால் நேரம் கடந்துவிட்டது என்றுதான் சொல்ல முடியும். மருத்துவம் கேட்பவர்களிடம் நீட் மதிப்பெண்ணைத்தான் கேட்பேன். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கைப் பார்த்துவிட்டுக் கிடைக்காது என்று சொன்னால் அது அறிவுரை. முகத்தைப் பார்த்துவிட்டுக் கிடைக்காது என்று சொன்னால் அது அவமதிப்பு.

மேடையில் இருந்தவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்கிறீர்கள். இருக்கலாம். அவள் பட்ட காயம் அதனால் குறையவில்லை.

இது எனக்குப் புதிதாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. நான் கொருக்குப்பேட்டையில் வளர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கினார். 2008-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, நான் படித்த டியூஷன் சென்டரை நடத்தியவர் என் அப்பாவிடம், "பொண்ண எதுக்கு அவ்ளோ தூரம் அனுப்புற? டிப்ளமா போதும்" என்றார். மதிப்பெண் பட்டியலை அவர் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா அதை நம்பிவிட்டார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவர் தலைமுறையின் நம்பிக்கை. எங்கள் தெருவில் ரயில்வேயில் வேலை பார்த்த ஓர் அண்ணன்தான், முந்தைய ஆண்டின் கட்-ஆஃப் வெளியான பழைய செய்தித்தாளைத் தேடி எடுத்துவந்து, வாசற்படியில் உட்கார்ந்து, அப்பாவுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினார். அப்போதெல்லாம் கலந்தாய்வுக்கு நேரில் போக வேண்டும். ரயிலேறிக் கடற்கரை நிலையம் வந்து, அங்கிருந்து கிண்டிக்கு வேறு ரயில் பிடித்துப் போனோம். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மீதம் என்று திரையில் எண்கள் குறைந்துகொண்டே வந்ததை அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கிண்டியில் கட்டடவியல் கிடைத்தது. அந்த அண்ணன் அந்தச் செய்தித்தாளைக் குப்பையில் போட்டிருந்தால் நான் இன்று கட்டடப் பொறியாளராக இருக்க மாட்டேன். அவருக்குப் பெரிய படிப்பு கிடையாது. ஆனால் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

கலைக் கல்லூரி என்றால் கேவலமா என்று அந்தக் காணொளியின் கீழ் ஒருவர் கேட்டிருக்கிறார். என் தங்கை பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில் படித்தவள். தியாகராயா கல்லூரியும் வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரியும் இந்தப் பகுதியில் எத்தனை குடும்பங்களுக்கு முதல் பட்டத்தைக் கொடுத்தன என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். பொருளியல் படிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை விரும்பினால் அந்தக் கல்லூரி வாசல் வரை நானே கூட்டிப் போவேன். அவள் கேட்டது அதுவன்று. பொறியியல் கேட்டவளுக்கு, அவள் தெருப் பெயரைக் கேட்டபின் கலைக் கல்லூரியைக் காட்டியதில் அந்தக் கல்லூரிகளுக்கும் சேர்த்துத்தான் அவமதிப்பு இருக்கிறது.

இன்னொரு பின்னூட்டம் என்னைத் தூங்க விடவில்லை. 'கோட்டாவில் சேர்ந்து முதல் செமஸ்டரிலேயே அரியர் வைத்துத் திணறுவதைவிட இதுவே மேல்' என்று எழுதியிருந்தீர்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடப்புத்தகத்தைத் திறக்கும் முதல் மாதம் கடினம்தான். எனக்கும் கடினமாக இருந்தது. ஆனால் அந்தக் கடினத்துக்கான விடை சேராமல் இருப்பதா? 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடவியலும் இயந்திரவியலும் தமிழ்வழியிலேயே இருக்கின்றன. ஆங்கிலவழியில் சேர்ந்தாலும் மொழி ஓராண்டில் வசப்படும். திணறுவோம் என்று எங்களைப் பற்றி முன்கூட்டியே முடிவு செய்துவிடும் நீங்கள், பணம் கொடுத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேருகிறவரைப் பார்த்து ஒருநாளாவது இந்தக் கவலையைப் பட்டிருக்கிறீர்களா? அங்கே அரியரே விழுவதில்லையா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது, இங்கே பல வீடுகளில் பாடப்புத்தகங்களை மாடியில் காயவைத்தோம். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. அந்த வீடுகளின் பிள்ளைகளும் மற்றவர்கள் எழுதிய அதே அரையாண்டுத் தேர்வைத்தான் எழுதினார்கள். ஹார்வர்டு போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே சேர்க்கின்றன. அவை கூட ஒரு மாணவர் எந்தப் பள்ளியில், எந்தச் சூழ்நிலையில் இருந்து அந்த மதிப்பெண்ணை எடுத்தார் என்பதையும் சேர்த்தே படிக்கின்றன. அங்கே சூழ்நிலை ஒரு பிள்ளையின் உழைப்பைப் புரிந்துகொள்ள உதவுகிறது. இங்கே அதே சூழ்நிலையைக் கேட்டு அவளை உட்கார வைக்கிறார்கள். வேலைக்குப் போனபின் முகவரியைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் குரல் மாறுவதை நான் கேட்டிருக்கிறேன். வீடு வாடகைக்குக் கேட்டபோதும் கேட்டிருக்கிறேன். அதையெல்லாம் பெரியவர்கள் நாங்கள் தாங்கிக்கொள்வோம். பள்ளியை விட்டு இப்போதுதான் வெளியே வந்த பிள்ளையிடம், அதுவும் அவளுக்கு வழிகாட்டுவதற்கென்றே போட்ட மேடையில், அந்தக் குரல் வரக் கூடாது.

நிகழ்ச்சியை நடத்தியவர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, 'விஷயத்தைப் பெரிதாக்க வேண்டாம்' என்றார்கள். நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அந்தக் காணொளியை நீக்குங்கள். அடுத்த முறை மேடையில் ஒரு கணினியை வைத்து, எழுந்து கேட்கும் பிள்ளையின் பள்ளி, பிரிவு, விரும்பும் பாடம் மூன்றையும் கேட்டு, பட்டியலைத் திறந்து காட்டிப் பதில் சொல்லுங்கள். அதற்கு ஆள் இல்லை என்றால் நானே வந்து உட்காருகிறேன்.

தரவரிசைப் பட்டியல் இன்னும் வரவில்லை. அது வரும் வரை மாலை ஆறு மணிக்கு மேல் நம் படிப்பகத்தில் இருப்பேன். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமையாசிரியர் தரும் சான்று மூன்றையும் எடுத்து வாருங்கள். மாநகராட்சிப் பள்ளிகளும் 7.5 விழுக்காட்டில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு அது பொருந்தாது. ஆனால் அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை உண்டு. அந்தச் சான்றிதழுக்கு இன்னும் விண்ணப்பிக்காதவர்கள் நாளைக்கே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள், கடைசி வாரத்தில் அங்கே கூட்டம் தாங்காது.