படியளப்பது அசுவினிதான்

சுங்கை சிப்புட் பக்கம் வீட்டுக் கொல்லையில் பயற்றங்கொடி போட்டவர்களுக்குக் கறுப்பு அசுவினியைத் தெரியாமல் இருக்காது. இளங்கொடி நுனியில் மொய்மொய்யென்று அப்பியிருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும், எறும்பு வரிசையாக ஏறி இறங்கும். அந்தப் பூச்சிக்குள் வாழும் பாக்டீரியாவைப் பற்றி எங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. இருவரும் உயிர் நண்பர்களாம், மனிதன் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

பாதிக் கதை சரி. செடிச் சாற்றில் சர்க்கரை கொட்டிக் கிடக்கிறது (அந்தப் பிசுபிசுப்பே பூச்சி வேண்டாமென்று கழித்த சர்க்கரைதான்), ஆனால் அத்தியாவசிய அமினோ அமிலங்கள் (புரதம் கட்டத் தேவையானவை, பூச்சியால் தானே செய்துகொள்ள முடியாதவை) குறைவு. அந்தக் குறையைத் தீர்ப்பது புக்னெரா என்ற பாக்டீரியா. அதை மருந்து கொடுத்து அழித்தால் அசுவினி வளராது, குட்டி போடுவதும் ஏறக்குறைய நின்றுவிடும்.

சரி, புக்னெராவுக்கு மூலப்பொருள் யார் தருவது? அதைத்தான் யாரும் சொல்வதில்லை. குளுட்டமின் போன்ற சாதாரண அமினோ அமிலங்களை அசுவினிதான் தர வேண்டும். தன் கழிவான அம்மோனியாவைக்கூட அது வீணாக்காமல் இதற்குத் திருப்பிவிடுகிறது. பட்டாணி அசுவினியில், புக்னெரா குடியிருக்கும் செல்லுக்குள் குளுட்டமினை அனுப்பும் புரதம் ஒன்று இருப்பதாக 2014இல் ஓர் ஆய்வு வந்தது. புக்னெரா செய்து தரும் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் மிஞ்சினால் அந்தப் புரதம் மந்தமாகிவிடும், குளுட்டமின் வரத்தும் குறையும். சரக்கு தேங்கினால் ஆளுக்குப் படியைக் குறைக்கும் கங்காணிக் கணக்குப் போலத்தான். இதற்குப் பெயர் நட்பா?

புக்னெராவுக்கு வேறு போக்கிடமும் கிடையாது. 2000இல் அதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தார்கள். ஏறக்குறைய 6.4 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள்தான். அதன் உறவுக்காரனான ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கு 46 லட்சம். தன் உறைக்குத் தேவையான பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பைச் செய்யும் மரபணுக்கள்கூட அதனிடம் இல்லை. அசுவினிக்கு வயதானால் பாக்டீரியா குடியிருக்கும் செல்கள் சிதையும், உள்ளே இருப்பதும் அதோடு போகும்.

அப்படியானால் பூச்சிதான் முதலாளியா என்று குழுவில் ஒரு அண்ணன் கேட்டார். அப்படியும் சொல்லிவிட முடியாது, புக்னெரா போனால் பட்டாணி அசுவினியின் வம்சமும் முடிந்தது. ஆனால் எல்லா அசுவினிக்கும் இது பொருந்தாது. தென்னை வகை மரங்களில் ஒட்டும் பனை அசுவினியில் புக்னெராவே இல்லை. அதன் முன்னோர்கள் எப்போதோ அதை இழந்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஈஸ்ட் போன்ற ஒரு பூஞ்சை இருக்கிறது. 15 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட உறவு, ஆளை மாற்றிக்கொண்டு வேலை நடக்கிறது.