செல்சியில் கோடீஸ்வரர்கள் மட்டும்தானா?

“லண்டனில் தேம்ஸ் கரையை ஒட்டிய செல்சியில் கோடீஸ்வரர்களைத் தவிர யாரும் இல்லை” என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

வீட்டு விலை அங்கே மலைக்க வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் விலையைப் பார்த்து அங்கு வாழும் மனிதர்களைக் கணக்கிட முடியாது. ஆற்றோரமாகச் செல்லும் செய்ன் வாக் தெருவில் பதினெட்டாம் நூற்றாண்டுச் செங்கல் மாளிகைகள் வரிசையாக நிற்கும். அதே தெருவில் மேற்கே நடந்தால், கரையோரம் கட்டிய படகு வீடுகளைத் தாண்டியதும் செம்பழுப்புச் செங்கல்லில் ஏழு உயர்ந்த கோபுரங்கள் எழும். அதுதான் வேர்ல்ட்ஸ் எண்ட் குடியிருப்பு. உள்ளாட்சி மன்றம் எளிய குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகவே கட்டியது, 1977இல் முடிந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அதே ஆறு, அதே காட்சி. பக்கத்திலேயே கிரிமோர்ன் குடியிருப்பு. பீபாடி அறக்கட்டளை உழைப்பாளர்களுக்காக எழுப்பிய கட்டடமோ 1870 முதல் அங்கே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுரங்க ரயிலுக்கு மின்சாரம் தந்த லாட்ஸ் ரோடு மின்நிலையம் இந்தக் கரையில்தான் 2002 வரை ஓடியது. கரியும் புகையும் உழைப்பும் இருந்த ஊர் இது.

அதே தகவலில் வரும் “அங்கே எல்லாரும் பரம்பரை ஆங்கிலேயர்” என்ற வரியும் பொய். செல்சி அடங்கிய கென்சிங்டன்-செல்சி பகுதியில் ஏறக்குறைய பாதிப் பேர் பிரிட்டனுக்கு வெளியே பிறந்தவர்கள்.

ஏழைகளே இல்லை என்று பரப்பினால், அங்கே வாடகை கட்டத் திணறும் குடும்பம் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். தயவுசெய்து அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.