20 டிகிரி தண்ணீருக்கு எங்கே போவது?

கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவ டெவலப்பர், அதாவது ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனக் கரைசல், 20 டிகிரியில் இருக்க வேண்டும். ஜெர்மனியில் இருந்தவரை இது ஒரு விஷயமே இல்லை. குழாயில் சில்லென்று வரும், கொஞ்சம் வெந்நீர் கலந்தால் முடிந்தது. சென்னையில் மே மாதம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் நேராக டீத்தூளைப் போடலாம்.

சூடு ஏறினால் கழுவும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் எச்பி5 ஃபிலிமுக்கு டி-76 டெவலப்பரில் ஏழரை நிமிடம் என்பது, 30 டிகிரியில் மூன்று நிமிடத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனாலே படத்தில் வானம் திட்டுத் திட்டாக விழும். அதனால் பக்கெட்டில் ஐஸ் கட்டி, அதற்குள் டெவலப்பர் பாட்டில், கையில் தெர்மாமீட்டர். ஃபிரிட்ஜில் ஐஸ் ட்ரே எப்போதும் காலியாக இருப்பதற்கு வீட்டில் வாங்கும் திட்டு தனிக்கணக்கு.

இருட்டறை என்பது பாத்ரூம்தான். ஜன்னலை அடைத்து, எக்ஸாஸ்ட் ஓட்டையையும் மூடினால் உள்ளே ஆவி பறக்கும். நெற்றி வியர்வை பிரிண்ட் பேப்பரில் சொட்டும். அந்தப் பேப்பர் வெளிநாட்டிலிருந்து சுங்கவரி கட்டி வந்தது, நினைவிருக்கட்டும். சரியாக அந்த நேரத்தில் கதவு தட்டப்படும்: "இன்னும் எவ்வளவு நேரம்டா? துணி ஊற வைக்கணும்."

அப்புறம் போர் தண்ணீர். காய்ந்ததும் நெகட்டிவ் முழுக்க வெள்ளைப் புள்ளி. கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்க பேட்டரிக் கடைக்குப் போனால், "என்ன வண்டி சார்?" என்கிறார்.