ஆசிரியர் அறைக்குப் போகாத இரகசியம்

கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகள் தங்கள் மனக்கவலையைக் கைத்தொலைபேசியிடம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இப்போது பாடசாலையே செயற்கை நுண்ணறிவு உளவளத்துணைச் செயலி ஒன்றை வாங்கினால் என்ன என்ற பேச்சு பெற்றோர் கூட்டம்வரை வந்திருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. இயந்திரத்தின் மீது எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. கோபமெல்லாம் நம் மீதுதான்.

பிள்ளை ஏன் அதனிடம் போகிறது? அது யாரிடமும் போய்ச் சொல்லாது என்று நம்புகிறது. உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு நம் பாடசாலைகள் பலவற்றில் என்ன கொடுத்திருக்கிறோம்? அவரே பாடமும் எடுக்க வேண்டும், வராத ஆசிரியரின் வகுப்பையும் பார்க்க வேண்டும், விளையாட்டுப் போட்டிக்குச் சோடனையும் செய்ய வேண்டும். கதவுள்ள அறை கிடைத்தால் அதிர்ஷ்டம். முதற்பாடவேளையில் ஒரு பிள்ளை அழுதால், இடைவேளைக்குள் ஆசிரியர் அறைக்குத் தெரியும். பாடசாலை விடும்போது வான்காரருக்கும் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதற்குமேல், யாராவது சற்று வாடியிருந்தாலே மனநல வைத்தியசாலை இருக்கும் "அங்கொடைக்கு அனுப்பு" என்று கேலி செய்யும் நகரம் இது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கையில் தூக்கம் வரவில்லை என்று எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

1966இல் மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற உரையாடும் கணினி நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பிக் கேட்பதுதான் அதன் வித்தை. அவர் அதை உருவாக்குவதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளரே, அதனோடு தட்டச்சில் பேசத் தொடங்கியதும் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். எங்கள் பிள்ளைகள் தேடுவதும் அந்த மூடிய கதவைத்தான்.

பாடசாலை வாங்கும் செயலியால் அந்தக் கதவைத் தர முடியாது. உயிராபத்தான ஒன்றைப் பிள்ளை எழுதினால் செயலி யாருக்காவது அறிவித்தாக வேண்டும். அறிவிக்கும் என்று தெரிந்த மறுநாளே பிள்ளைகள் அதில் பரீட்சைப் பயத்தைத் தவிர வேறெதுவும் எழுதமாட்டார்கள். அறிவிக்காவிட்டால்? கலிபோர்னியாவில் 16 வயதுப் பையன் ஒருவன் சாட்ஜிபிடியோடு மாதக்கணக்கில் பேசிவந்து, 2025 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். பெற்றோர் ஓகஸ்டில் அதை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். அதே மாதம் அமெரிக்காவின் இலினோய் மாநிலம், உளச்சிகிச்சையைச் செயற்கை நுண்ணறிவு செய்யக்கூடாது, உரிமம் பெற்றவரின் நிர்வாக வேலைகளுக்கு உதவலாம் என்று சட்டம் இயற்றியது. அந்தக் கோடு எனக்குச் சரியாகப் படுகிறது. பெற்றோருக்கான கடிதத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் வரைந்து தரட்டும், நேரசூசி போடட்டும். பிள்ளையின் பெயரும் கதையும் அதற்குள் போகவேண்டாம். நமது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமே பிள்ளைகள் பற்றிய தரவைச் சிறப்பு வகையில் வைத்திருக்கிறது. செயலி விற்க வருபவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்னொன்று. எங்கள் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி, நடுவே இரண்டு சிங்களச் சொல்லையும் போடுவார்கள். அதில் விளையாட்டு எது, விபரீதம் எது என்று பெற்ற தாய்க்கே பிடிபடாது.

செயலிக்கு ஒதுக்கும் பணத்தில் அந்த ஆசிரியருக்கு ஓர் அறையை அடைத்துக் கொடுங்கள். அவருடைய பாடவேளைகளைக் குறையுங்கள். பிள்ளை சொன்னது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இன்னாரிடம் சொல்வேன் என்று முதல் நாளே பிள்ளையிடம் சொல்லும் விதியொன்றை அதிபர் எழுதி ஒட்டட்டும். அப்புறமும் செயலிதான் வேண்டும் என்றால், நள்ளிரவில் எச்சரிக்கை வந்தால் யாருடைய தொலைபேசி அடிக்கும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன். பெயர் சொல்லட்டும், பிறகு விலை பேசலாம்.

இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கு: தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இரவிலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.