ஸ்பெயினின் வளர்ச்சிக்கு விலை கொடுத்தவர்கள்

ஸ்பெயினை ஆண்ட பிராங்கோவைப் பற்றி "சர்வாதிகாரிதான், ஆனாலும் நாட்டை வளர்த்துவிட்டார்" என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. 1960களில் ஸ்பெயின் வேகமாக வளர்ந்தது, மறுக்கவில்லை. அதற்கு முந்தைய இருபது ஆண்டும் அவர் ஆட்சிதானே? தன்னிறைவு என்று சொல்லி நாட்டைப் பூட்டிவைத்து, அந்நியச் செலாவணி தீர்ந்துபோகும் நிலைக்குக் கொண்டுவந்ததும் அவர்தான்.

வேறு வழியில்லாமல் 1957இல் அமைச்சரவையை மாற்றினார். ஓபஸ் தேய் என்ற கத்தோலிக்க அமைப்பைச் சேர்ந்த உல்யாஸ்த்ரேஸ் வணிகத் துறைக்கும், நவாரோ ரூபியோ நிதித் துறைக்கும் வந்தார்கள். 1959இல் விலைவாசியை அடக்கி, வெளிநாட்டு வணிகத்துக்குக் கதவைத் திறக்கும் நிலைப்படுத்தல் திட்டம் வந்தது. ஸ்பெயின் நாணயமான பெசெத்தாவின் மதிப்பைக் குறைத்ததில், டாலருக்கு 42 என்றிருந்தது 60 ஆனது. சம்பளம் உறைந்தது, வேலைகள் போயின. அடுத்த பத்தாண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று பிழைக்கப் போனார்கள். அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணமும் சுற்றுலாப் பயணிகள் கொண்டுவந்த பணமும்தான் இறக்குமதிச் செலவைத் தாங்கின. அந்த வளர்ச்சியில் இவர்களுடைய பங்கை யாரும் பேசுவதில்லை.

நாங்கள் அரசியல் செய்யவில்லை, நிர்வாகம் செய்கிறோம் என்பது அமைச்சரவைக்கு வந்த அந்த ஓபஸ் தேய் நிபுணர்களின் வாதம். 1963 டிசம்பரைப் பாருங்கள். முதல் வளர்ச்சித் திட்டத்துக்கான சட்டம் வந்த அதே மாதத்தில்தான், ஆட்சியை எதிர்ப்பவர்களை விசாரிக்கப் பொது ஒழுங்கு நீதிமன்றத்தை அமைத்த சட்டமும் வந்தது. முந்தைய ஆண்டு வட ஸ்பெயினின் அஸ்தூரியஸ் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவி அரசை உலுக்கியிருந்தது. சுதந்திரமான சங்கம் வைக்கவே உரிமையில்லாதவனிடம் போய் இது வெறும் நிர்வாகம் என்றால், அவன் எப்படி நம்புவான்?

மதத்தின் பெயரால் நடந்தது இன்னும் வேதனை. கைதாகும் குருக்களை மற்ற கைதிகளோடு அடைக்கக் கூடாது என்று வத்திக்கானுடன் 1953இல் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அதைக் காட்டி 1968இல் சமோரா சிறையில் குருக்களுக்கென்றே தனிப் பகுதி திறந்தார்கள். அங்கே அடைபட்டவர்களில் பெரும்பாலோர் தொழிலாளர் பக்கமும் தங்கள் மக்கள் பக்கமும் நின்ற வட ஸ்பெயினின் பாஸ்க் இனக் குருக்கள். கத்தோலிக்க அரசு என்று தன்னை அழைத்துக்கொண்ட ஆட்சி செய்த வேலை இது.

சர்வாதிகாரியின் கீழ் நிபுணர்கள் நிர்வாகம் என்ற இதே கதை அப்புறம் சிலியிலும் நடந்தது. இளமையிலேயே பிராங்கோவைப் போற்றிய கத்தோலிக்க வலதுசாரி ஹைமே குஸ்மான், அங்கே ராணுவ ஆட்சி நடத்திய பினோசெட்டின் 1980 அரசியலமைப்பை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர். பொருளாதாரத்தை, அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்துத் தடையற்ற சந்தையை நம்பிய நிபுணர்கள் பார்த்துக்கொண்டார்கள். 2022, 2023 வாக்கெடுப்புகளில் மாற்று வரைவுகள் தோற்றதால், பலமுறை திருத்தப்பட்ட அதே அரசியலமைப்பின் கீழ்தான் சிலி மக்கள் இன்றும் வாழ்கிறார்கள்.